குழிக்குள் பிறக்கும் கேலி: அகழாய்வுக் களப்பயிற்சி மாணவரின் பாட்டும் வழக்காறும்

அகழாய்வு அறிக்கையில் வெயில் இருக்காது. குழியின் நீள அகலம், மண்ணடுக்கின் ஆழம், பானை ஓடுகளின் எண்ணிக்கை, கரித்துண்டின் காலக்கணிப்பு எல்லாம் இருக்கும். வாரக்கணக்கில் முட்டி தேய மண்ணைச் சுரண்டிய மாணவர்கள், அந்த மண்ணைப் பற்றியும் தங்களை வேலை வாங்கியவரைப் பற்றியும் இரவில் பாட்டுக் கட்டிப் பாடியது இருக்காது. அறிக்கை எழுதுபவருக்கு அது தேவையில்லாத செய்தி. வழக்காற்றியலாளருக்கு அதுவே தரவு.

தொல்லியல் படிப்பவர் ஒரு பருவமாவது களத்தில் இருந்து வேலை பழக வேண்டும் என்பது உலகின் பல பல்கலைக்கழகங்களில் எழுதிய விதி, மற்றவற்றில் எழுதாத விதி. ரஷ்யாவில் வரலாற்றுத் துறை மாணவர்களுக்குக் களப்பயிற்சி பாடத்திட்டத்திலேயே உண்டு. கூடாரமும் பொதுச் சமையலும் விடியற்காலை எழுப்பலுமாக ஒரே இடத்தில் அடைந்து கிடக்கும் இளைஞர் கூட்டத்தில் ஒரு வழக்காறு தானாகவே திரளும். பழைய மெட்டில் ஏற்றிய புதுச் சொற்கள், புதிதாக வந்தவரை ஏய்க்கும் விளையாட்டு, தலைவரைப் பற்றிய கதைகள், கருவியைப் பற்றிய பெருமை, கடைசி நாளைப் பற்றிய நம்பிக்கை எல்லாம் அதில் அடங்கும். இவற்றைக் களைப்பு நீக்கும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுவதே வழக்கம்.

இந்தக் கட்டுரையின் வாதம் வேறு. பாடநூல் செய்ய முடியாத மூன்று காரியங்களை இந்த நகைச்சுவை செய்கிறது. கைத்தொழிலின் எழுதா விதிகளை மூத்தவரிடமிருந்து இளையவருக்குக் கொண்டுபோகிறது. கண்டெடுத்த பொருளுக்கு உடனே பொருள் சொல்லிவிடும் அவசரத்துக்குக் கடிவாளம் போடுகிறது. யார் தொல்லியலாளர், யார் வெளியாள் என்று கோடு கிழிக்கிறது. முதல் இரண்டால் துறைக்கு நன்மை. மூன்றாவதன் கணக்கு அவ்வளவு சுத்தமானதல்ல.

யாருடைய பாட்டு நாட்டுப் பாட்டு?

அகழாய்வுக் களத்தில் பாட்டுத் திரட்டும் பழக்கம் புதிதல்ல. ஜெர்மானிய எகிப்தியலாளர் ஹைன்ரிஷ் ஷேஃபர், தாம் பணியாற்றிய அகழாய்வில் கூலி வேலை செய்த ஓர் உழவர் பாடியவற்றைக் கேட்டு எழுதி 1903இல் நூலாக்கினார். எகிப்தின் தொல்பொருள் துறைக்குத் தலைவராக இருந்த காஸ்தோன் மாஸ்பெரோ, மேல் எகிப்தில் 1900 முதல் 1914 வரை சேர்த்த மக்கள் பாடல்களை 1914இல் வெளியிட்டார். இருவரும் செய்தது அரிய பணி. ஆனால் திரட்டியவரின் செவி ஒரு பக்கம் மட்டுமே திரும்பியிருந்தது. கூடை சுமந்தவர் பாடினால் அது நாட்டுப் பாடல். இரவு உணவு மேசையில் ஆய்வாளரும் மாணவரும் பாடினால் அது வெறும் கூத்து. முன்னது அச்சேறியது, பின்னது காற்றோடு போயிற்று.

இந்தப் பாகுபாட்டைக் கேள்வி கேட்டவர்களில் முக்கியமானவர் அமெரிக்க வழக்காற்றியலாளர் ஆலன் டண்டிஸ். 1977இல் வெளியான கட்டுரையொன்றில் அவர் நாட்டார் என்பதற்கு விரிந்த வரையறையை முன்வைத்தார். பொதுவான கூறு ஒன்றேனும் தம்முள் கொண்ட எந்தக் குழுவும் நாட்டாரே. தொழிலோ மதமோ மொழியோ அந்தக் கூறாக இருக்கலாம். எழுத்தறியாத உழவர் மட்டுமே நாட்டார் என்ற பழைய எண்ணம் இதனால் ஆட்டம் கண்டது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பே அவரும் கார்ல் பாக்டரும் அமெரிக்க அலுவலகங்களில் நகலெடுத்துச் சுற்றிய கேலிச் சித்திரங்களையும் போலிச் சுற்றறிக்கைகளையும் வழக்காறாகவே தொகுத்து நூலாக்கியிருந்தனர். குமாஸ்தாவுக்கு வழக்காறு உண்டென்றால் குழி தோண்டும் மாணவருக்கு இல்லாமற் போகுமா?

தமிழ் வழக்காற்றியலில் ஏற்றப்பாட்டையும் நடவுப் பாட்டையும் தொழிற்பாடல் என்ற வகையில் வைக்கிறோம். உடலுழைப்பின் சலிப்பைத் தாளத்தால் தணிப்பது, வேலை வாங்குபவரிடம் நேரே சொல்ல முடியாததைப் பாட்டில் வைத்துச் சொல்வது என்ற இரண்டு இயல்புகளும் அவ்வகைக்கு உண்டு. களப்பயிற்சி மாணவரின் பாட்டிலும் இரண்டாவது இயல்பு அப்படியே இருக்கிறது. முதலாவது இல்லை. பானை ஓட்டின் விளிம்பு தெரியும்வரை மில்லிமீட்டர் கணக்கில் மண்ணை நீக்கும் வேலைக்குத் தாளம் ஒத்துவராது. அதனால் அந்தப் பாட்டு குழிக்குள் பிறந்தாலும் வேலை முடிந்த பிறகு, நெருப்பைச் சுற்றித்தான் வெளிவருகிறது.

கரண்டியும் கடைசி நாளும்

தொல்லியலாளரின் முதன்மைக் கருவி கொத்தனார் கரண்டி. செங்கல்லுக்கு இடையே சாந்து பூசச் செய்த கருவியை அவர்கள் தமதாக்கிக்கொண்டார்கள். அமெரிக்க மாணவர் அயோவா மாநிலத்தின் மார்ஷல்டவுன் நகரில் செய்த கரண்டியைப் போற்றுவார். பிரிட்டிஷ் மாணவர் டபிள்யூ.எச்.எஸ். முத்திரையிட்ட நாலங்குலக் கரண்டியைத் தவிர வேறெதையும் கையால் தொடமாட்டார். இரு தரப்பும் ஒரே களத்தில் சந்தித்தால் நடக்கும் வாய்ச்சண்டை அத்துறையின் நிலையான நகைச்சுவை. புதுக் கரண்டி பளபளத்தால் கேலி உறுதி. ஆண்டுக்கணக்கில் தேய்ந்து பாதியான அலகுக்கு மரியாதை. பிறர் கரண்டியைக் கேட்காமல் எடுப்பது பெருங்குற்றம்.

இதில் வெட்டிப் பெருமை எவ்வளவு, பாடம் எவ்வளவு? அலகின் முனை மழுங்கினால் மண்ணடுக்கின் எல்லை கலங்கும். கூராக வைத்திருந்தால் நிற மாற்றம் தெளியும். ஒருவர் கைக்குப் பழகிய கருவி அவருடைய அழுத்தத்தை அறிந்திருக்கும். இதையெல்லாம் வகுப்பில் சொன்னால் மாணவர் குறிப்பெடுத்துக்கொண்டு மறந்துவிடுவார். புதுக் கரண்டியோடு நின்று ஒருமுறை சிரிப்புக்கு ஆளானவர் அன்று மாலையே அரம் தேடுவார்.

கடைசி நாள் நம்பிக்கையையும் இப்படிப் பார்க்கலாம். அகழாய்வின் அருமையான பொருள் கடைசி நாளில், மூட்டை கட்டும் நேரத்தில், இதுவரை தொடாத மண்சுவருக்கு அடியில்தான் கிடைக்கும் என்று களத்துக்குக் களம் சொல்வார்கள். ஏமாற்றத்தோடு திரும்பிய பருவங்களை மறந்து, ஒருமுறை அப்படி நடந்ததை மட்டும் நினைவில் வைப்பதால் வரும் நம்பிக்கை என்று இதைத் தள்ளிவிடலாம்தான். ஆனால் குழிகளுக்கு இடையே அடுக்குகளைப் பார்ப்பதற்காக விட்டுவைக்கும் மண்சுவரைக் கடைசியில்தான் எடுப்பார்கள்; ஆழமான அடுக்கையும் கடைசியில்தான் எட்டுவார்கள். வேலையின் ஒழுங்கே அந்த நம்பிக்கைக்குள் ஒளிந்திருக்கிறது. கடைசி நாளிலும் கை தளரக் கூடாது என்ற எச்சரிக்கையும் அதோடு சேர்ந்தே வருகிறது.

கருவியின் மீதான இந்தப் பற்று அச்சேறியபோது என்ன ஆயிற்று என்பதற்கு அமெரிக்கத் தொல்லியலாளர் கென்ட் ஃபிளனரியின் உரை சான்று. அமெரிக்க மானிடவியல் சங்கத்தில் 1981இல் அவர் ஆற்றிய சிறப்புரை, ‘பொன் மார்ஷல்டவுன்’ என்ற தலைப்பில் 1982இல் அச்சங்கத்தின் ஆய்விதழில் வந்தது. விமானப் பயணத்தில் மூன்று தொல்லியலாளர் பேசிக்கொள்ளும் உரையாடல் அது. ஒருவர் களத்தை விட்டுவிட்டுத் தத்துவம் பேசப் போனவர். ஒருவர் பிறர் உழைப்பைத் தொகுத்துப் பெயர் வாங்கத் துடிக்கும் எழுபதுகளின் பிள்ளை. ஒருவர் பண்பாடு என்ற கருத்தை இன்னும் நம்பும் குற்றத்துக்காக ஓய்வுக்குத் தள்ளப்பட்ட கிழவர். நெருப்படிக் கேலியின் எல்லாக் கூறுகளும் அதில் உண்டு: பட்டப்பெயர், மிகை, கரண்டியின் மீது சத்தியம். அறிவியல் முறை பற்றி அந்தப் பத்தாண்டில் நடந்த கனத்த விவாதங்களில் பல இன்று நூலகத்தில் தூங்குகின்றன. இந்தக் கதையை மாணவர் இன்றும் தேடிப் படிக்கிறார்கள்.

சந்தேகத்தைப் பயிற்றும் சிரிப்பு

என்னவென்று தெரியாத பொருள் கிடைத்தால் அதைச் சடங்குப் பொருள் என்று எழுதிவிடு. உலகெங்கும் களப்பயிற்சி மாணவர் முதல் வாரத்திலேயே கற்கும் நகைச்சுவை இதுதான். சிரிப்பு மாணவர் பக்கம், குத்து ஆசிரியர் பக்கம். பயன் விளங்காததைச் சமயத்தின் தலையில் கட்டும் பழக்கம் துறையில் உண்மையாகவே இருந்தது. அதை நேரடியாகக் கண்டித்து எழுதிய ஆய்வுரைகளைவிட இந்த ஒற்றை வரிக் கேலிக்கு எட்டும் தூரம் அதிகம்.

டேவிட் மெக்காலே 1979இல் வரைந்து எழுதிய ‘மர்மங்களின் மோட்டல்’ இந்தக் கேலியை நூலளவுக்கு வளர்த்தது. கி.பி. 4022இல் ஒரு கற்றுக்குட்டி ஆய்வாளர் மண்ணுக்குள் புதைந்த அமெரிக்கச் சாலையோர விடுதி ஒன்றுக்குள் தவறி விழுகிறார். அறை அவருக்குக் கல்லறையாகத் தெரிகிறது. தொலைக்காட்சிப் பெட்டி பெரும் பலிபீடம். தொந்தரவு செய்யாதீர் என்று கதவில் தொங்கும் அட்டை புனித முத்திரை. கழிப்பறை இருக்கையின் வளையம் சடங்குக் கழுத்தணி. அதை அவருடைய உதவியாளர் கழுத்தில் மாட்டிக்கொண்டு படத்துக்கு நிற்கிறார். டிராய் நகரைத் தோண்டிய ஹைன்ரிஷ் ஷ்லீமனின் மனைவி சோஃபியா, அங்கே கிடைத்த நகைகளை அணிந்து எடுத்துக்கொண்ட புகழ்பெற்ற ஒளிப்படத்தின் பகடி அது. ஆய்வாளரின் பெயர் ஹோவர்ட் கார்சன். துட்டன்காமன் கல்லறையைத் திறந்த ஹோவர்ட் கார்ட்டரை நினைக்காமல் அந்தப் பெயரைப் படிக்க முடியாது. நூலில் வரும் அளவீடுகளும் வரைபடங்களும் ஒழுங்காகவே இருக்கின்றன, முடிவு மட்டும் தலைகீழ். முறை சரியாக இருப்பதால் மட்டும் விளக்கம் சரியாகிவிடாது என்ற பாடத்தை இதைவிடச் சுருக்கமாகக் கற்பிப்பது கடினம்.

மண்ணின் நிறத்தைப் பற்றிய கேலியும் இதே வகை. மன்செல் வண்ண அட்டை எனப்படும் சிறு புத்தகத்தில் நிறச் சில்லுகள் வரிசையாக ஒட்டியிருக்கும். மாணவர் ஒரு சிட்டிகை மண்ணை நனைத்து, சில்லின் அருகே பிடித்து, எண்ணைக் குறிக்க வேண்டும். ஒருவர் 10 ஒய்.ஆர். 4/3 என்பார், அட்டைப்படி அது பழுப்பு. அதே மண்ணைப் பார்த்த அடுத்தவர் 10 ஒய்.ஆர். 4/4 என்பார், அது கரும் மஞ்சட்பழுப்பு. மேகம் நகர்ந்தால் இருவரும் கருத்தை மாற்றிக்கொள்வார்கள். இந்தக் குழப்பத்தைப் பற்றிக் கிண்டல் செய்யாத முகாம் அரிது. துல்லியமான எண்ணுக்குப் பின்னால் ஒரு மனிதக் கண் இருக்கிறது, அது களைத்துப்போன கண் என்று அந்தக் கிண்டல் மறவாமல் நினைவூட்டுகிறது.

ஃபிளனரி 1976இல் பதிப்பித்த ‘தொடக்ககால மெசோ அமெரிக்கச் சிற்றூர்’ இதில் ஒரு படி மேலே போகிறது. கனமான ஆய்வுக் கட்டுரைகளுக்கு நடுவே, ‘உண்மையான மெசோ அமெரிக்கத் தொல்லியலாளர்’, ‘சந்தேகப்படும் ஆய்வு மாணவர்’, ‘பெருந்தொகுப்பாளர்’ என்ற மூன்று பாத்திரங்கள் வந்து சண்டை போடுகிறார்கள். மாணவர் புள்ளியியல் முறைப்படி மாதிரி எடுக்க வேண்டும் என்று நச்சரிக்கிறார். பழுத்த கள ஆள் தம் மூக்கை நம்பித் தோண்டுகிறார். சிரிப்பு அங்கே ஊறுகாய் அல்ல, விவாதமே அதன் வழியாகத்தான் நடக்கிறது.

மெட்டு ஒன்று, சொல் வேறு

பாட்டுக்கு வருவோம். களப்பாட்டில் புது மெட்டு அபூர்வம். எல்லாரும் அறிந்த மெட்டில் சொல்லை மாற்றிப் பாடுவதே முறை. காரணம் எளிது: மெட்டுத் தெரிந்தால் இரண்டாம் சரணத்தில் கூட்டமே சேர்ந்துகொள்ளும்.

அச்சில் நிலைத்த பகடிகளில் அகதா கிறிஸ்டியின் கவிதை தனித்து நிற்கிறது. கணவர் மேக்ஸ் மல்லோவன் 1930களில் சிரியாவின் சாகர் பஸாரிலும் டெல் பிராக்கிலும் நடத்திய அகழாய்வுகளைப் பற்றி அவர் 1946இல் வெளியிட்ட நினைவு நூலின் முகப்பில் அது இருக்கிறது. லூயிஸ் கரோல் 1871இல் எழுதிய கண்ணாடி உலகக் கதையில் வெள்ளை வீரன் பாடும் பாட்டின் அச்சில் வார்த்தது. கரோலின் பாட்டே வேர்ட்ஸ்வொர்த்தின் அட்டை பிடிக்கும் கிழவர் கவிதையைக் கேலி செய்தது. ஆக இது பகடியின் பகடி. மூன்றுக்கும் பொதுவான முடிச்சு ஒன்று உண்டு: ஒருவர் தம் வேலையைப் பற்றி மெனக்கெட்டுச் சொல்கிறார், கேட்பவர் மனம் வேறெங்கோ இருக்கிறது. கிறிஸ்டியின் கவிதையில் மண்மேட்டின் மேல் அமர்ந்த ஆய்வாளர் பல்லாயிரம் ஆண்டுப் பழமையைப் பேசுகிறார். கேட்கும் பெண்ணோ ஒரு கோடீசுவரரைக் கொல்லும் திட்டத்தில் மூழ்கியிருக்கிறார். நிபுணரின் பேச்சை யாரும் காதில் வாங்குவதில்லை என்று, நிபுணரையே மணந்தவர் சிரித்துக்கொண்டு எழுதியதுதான் இதன் சுவை.

ரஷ்ய முகாம்களில் பாட்டு இன்னும் பெரிய இடம் பிடித்தது. கவிஞரே களத்தில் இருந்ததும் உண்டு: குழந்தைக் கவிஞராகப் புகழ்பெற்ற வாலென்தீன் பெரெஸ்தோவ் தொல்லியல் படித்தவர், அகழாய்வுக் களங்களில் வேலை செய்தவர். ‘ஆறாம் படைப்பிரிவின் கழுகு’ போன்ற பாட்டுகள் நூல் வழியாக அன்றி முகாமிலிருந்து முகாமுக்கு வாய்வழியே பரவின. ஆகஸ்டு 15ஆம் நாள் அங்கே தொல்லியலாளர் தினம். அரசு அறிவித்த விழா அல்ல. களத்தில் தோன்றிய விழா. அதன் பிறப்புக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கதைகள் உண்டு. நோவ்கரத் நகர அகழாய்வில் மாணவர்களுக்கு ஒரு நாள் கொண்டாட ஆசை, தலைவர் ஆர்த்தேமி ஆர்த்ஸிகோவ்ஸ்கியோ கண்டிப்பானவர். இன்று மாமன்னர் அலெக்சாந்தரின் குதிரை புகெஃபலஸின் பிறந்தநாள் என்று மாணவர்கள் அவரிடம் போய்ச் சொல்லி விடுப்பு வாங்கினார்கள் என்கிறது ஒரு கதை. ஆகஸ்டு 15, 1903இல் பிறந்த ஆய்வாளர் தத்தியானா பாசெக்கின் பிறந்தநாளைக் களத்தில் கொண்டாடியதிலிருந்து வந்தது என்கிறது இன்னொன்று. இரண்டாவதற்குத் தேதிச் சான்று இருக்கிறது. முதலாவதற்குச் சான்று இருக்கவே முடியாது. அந்தக் குதிரை பிறந்த நாளை எந்தப் பழைய நூலும் குறிக்கவில்லை. ஆனாலும் மாணவர் வாயில் நிலைத்தது குதிரைக் கதைதான். கண்டிப்பான பேராசிரியரைப் படிப்பறிவை வைத்தே ஏய்ப்பது என்ற சுவை அதில்தானே இருக்கிறது!

தொல்லியலாளர் தினத்தன்றே புதியவருக்குத் தீட்சையும் நடக்கும். வேடிக்கைச் சோதனைகள், சேறு, பொய் உறுதிமொழி. அது முடிந்த பிறகே அவர் தம்மில் ஒருவர்.

விளையாட்டு வினையானபோது

பல தொழில்களில் புது ஆளை இல்லாத கருவியைத் தேடி அனுப்புவது உண்டு. அகழாய்வில் இதற்கு இணையான குறும்பு, குழிக்குள் போலிப் பொருளைப் புதைத்து வைப்பது. இதில் ஆபத்து அதிகம், ஏனென்றால் இங்கே கண்டெடுத்த பொருள்தான் சான்று.

ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க்கில் 1725இல் பேராசிரியர் யோஹான் பெரிங்கருக்குப் பல்லி, தவளை, சிலந்தி, எபிரேய எழுத்து எல்லாம் செதுக்கிய கற்கள் கிடைத்தன. இயற்கையின் அற்புதம் என்று நம்பி 1726இல் நூல் வெளியிட்டார். கற்கள் போலி. மாணவர் செய்த குறும்பு என்று வெகுகாலம் கதை வழங்கியது. அன்றைய விசாரணைப் பதிவுகள் வேறு சொல்கின்றன: அவருடைய அகந்தை பொறுக்காத இரு சக அறிஞர்களின் வேலை அது. குற்றத்தை மாணவர் தலையில் வைத்த அந்தக் கதை, அறிஞர் உலகம் தன்னைக் காத்துக்கொண்ட விதத்தையும் காட்டுகிறது. இங்கிலாந்தின் பில்ட்டவுனில் 1914இல் கிடைத்த எலும்புக் கருவி கிரிக்கெட் மட்டையின் வடிவில் இருந்தது. யாரோ கண்ணடித்துக் காட்டிய குறிப்பு என்று இன்று பலர் கருதுகிறார்கள். அன்று எவரும் சிரிக்கவில்லை. போலி எலும்புகளை ஆதி மனித எச்சமாகக் காட்டிய பில்ட்டவுன் மோசடி 1953 வரை நீடித்தது. கேலியை அடையாளம் காணும் பயிற்சி இல்லாத துறைக்கு நேர்ந்த விலை அது.

நோவ்கரத் மண்ணே இன்னொரு சான்று தருகிறது. அங்கே 1951 ஜூலை 26இல் நீனா அகூலொவா என்ற பணியாளர் பூர்ச்சமரப் பட்டையில் எழுதிய முதல் மடலைக் கண்டெடுத்தார். ஒரு கணம் பேச்சற்று நின்ற ஆர்த்ஸிகோவ்ஸ்கி, இருபது ஆண்டாக இதற்குக் காத்திருந்தேன் என்று கூவி நூறு ரூபிள் பரிசு அறிவித்த கதை களத்தில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படுகிறது. அடுத்த ஆண்டு கிடைத்த 46ஆம் எண் பட்டையில் பொருளற்ற இரண்டு வரிகள். மேல் வரியின் ஓர் எழுத்து, அதற்குக் கீழ் உள்ள எழுத்து என்று மாற்றி மாற்றிப் படித்தபோது குட்டு வெளிப்பட்டது. எழுதியவன் அறிவிலி, சொன்னவன் சிந்தனையற்றவன், இதைப் படிப்பவனோ என்று போய் அறுந்து நிற்கிறது. அறுந்த இடத்தில் என்ன வசை இருந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமல்ல. பதினான்காம் நூற்றாண்டில் எவனோ ஒரு பையன் செய்த குறும்பு. அதைப் படித்து முடித்த அறிஞர் எல்லாரும் அதன் இலக்கானார்கள்.

சிரிப்பின் வேலிக்கு வெளியே

இந்த நகைச்சுவை வெறும் களைப்பின் விளைவு என்போர் ஒரு கேள்விக்கு விடை சொல்ல வேண்டும். களைப்புத்தான் காரணம் என்றால் கேலி எதைப் பற்றியும் இருக்கலாமே. அது ஏன் திரும்பத் திரும்பக் கருவி, சான்று, விளக்கம், தலைவர் என்ற நான்கையே சுற்றுகிறது? துறையின் நம்பகத்தன்மை எங்கெல்லாம் ஊசலாடுகிறதோ அங்கெல்லாம் கேலி பிறக்கிறது என்பதே பொருத்தமான விடை.

ஆனால் வேலிக்கு உள்ளே நிற்பவர்க்கே இந்தப் பயன். கிறிஸ்டியின் நூலில் அரபு, குர்து தொழிலாளர் நிறைய வருகிறார்கள். பெரும்பாலும் சிரிப்புக்கு இலக்காகவே வருகிறார்கள். அவர்கள் துரையையும் அம்மாவையும் பற்றித் தமக்குள் என்ன சொல்லிச் சிரித்தார்கள் என்பது எந்த ஏட்டிலும் இல்லை. எகிப்தின் கிஃப்ட் ஊரில் பிரிட்டிஷ் தொல்லியலாளர் ஃபிளிண்டர்ஸ் பீட்ரி பழக்கிய தோண்டுநர்கள் தலைமுறைகளாக அத்தொழிலில் தேர்ந்தவர்கள். களத்துக்குப் புதிய மாணவரைவிட அவர்களுக்கு மண் தெரியும். இருந்தும் தீட்சைச் சடங்கு மாணவருக்கே உரியது. கேலியில் பங்கு கொடுப்பது உறுப்புரிமை கொடுப்பது. கொடுக்காமல் விட்டது தற்செயல் அல்ல.

பிரிவினைக்கு முந்தைய இந்தியாவில் பிரிட்டிஷ் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் 1944இல் தட்சசீலத்தில் நடத்திய பயிற்சிப் பள்ளியில் தேறியவர்கள் மறு ஆண்டே அரிக்கமேட்டில் அவரோடு தோண்டினார்கள். அவர்கள் கற்ற மண்ணடுக்கு முறை நூல்களில் பதிவாகியிருக்கிறது, இரவுப் பேச்சு பதிவாகவில்லை. அண்மை ஆண்டுகளில் தமிழ்நாட்டின் கீழடியிலும் சிவகளையிலும் பொற்பனைக்கோட்டையிலும் ஒரே குழியில் தொல்லியல் மாணவரும் உள்ளூர்த் தொழிலாளரும் சேர்ந்து வேலை செய்தார்கள். தொழிலாளருள் பெண்கள் பலர். மேற்பார்வையாளருக்கு வைத்த பட்டப்பெயரும், பானை ஓடு எடுக்கும்போது எழும் நையாண்டியும், வேலை முடிந்து திரும்பும்போது பாடும் பாட்டும் இத்தகைய களங்களில் இன்றும் கேட்கக் கிடைக்கும். நம் பல்கலைக்கழகங்களின் நாட்டார் வழக்காற்றியல் துறைகள் ஒவ்வொரு அகழாய்வுப் பருவத்துக்கும் ஓர் ஆய்வு மாணவரை ஒலிப்பதிவுக் கருவியோடு அனுப்ப வேண்டும். அவர் மாணவர் கூடாரத்தில் மட்டும் உட்காராமல், சல்லடை பிடிப்பவர் பக்கத்திலும் உட்கார வேண்டும். அகழாய்வுக் குழிகளை மூடும்முன் வரைபடம் எடுப்பதைப் போல, இதையும் அந்தந்தப் பருவத்திலேயே செய்தாக வேண்டும்.